சுண்டெலிக் கணக்கை மாத்திரைக் கணக்காக மாற்றலாமா?

ஜனவரி 12, இரவு 9.40 – சிங்கப்பூர், ஈசூன் வாசகரின் கேள்வி

என் மனைவிக்கு டெங்கி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இணையத்தில் தேடியபோது, சுண்டெலிக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுத்தால் கல்லீரல் கெட்டுவிடும் என்று படித்தேன். சுண்டெலி அளவை மனித அளவாக்க 12.3-ஆல் வகுக்க வேண்டுமாம். வகுத்தேன், கிலோவுக்கு 24 மில்லிகிராம் வருகிறது. என் மனைவியின் எடை 60 கிலோ. அப்படியானால் 1,460 மில்லிகிராம், மூன்று மாத்திரைகூட இல்லை. அவர் நேற்று மட்டும் ஆறு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். சுண்டெலிகளோடு வேலை செய்பவர் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு 10.15

அண்ணே, முதலில் பயத்தை விடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றால் 3 கிராம். இடைவெளி விட்டுக் கொடுத்திருந்தால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் டெங்கியே கல்லீரலைத் தாக்கக்கூடியது. மருந்து எதுவும் சாப்பிடாதவருக்கும் கல்லீரல் நொதிகள் உயரும். ஆகவே நாளை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, எத்தனை மாத்திரை, எந்தெந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். வீட்டில் சளி மாத்திரை, சளிக்கான சூடான பானத்தூள் ஏதாவது கொடுக்கிறீர்களா? அவற்றில் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வேண்டவே வேண்டாம். டெங்கியில் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

12.3 பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 13, மாலை

நான் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகச் சுண்டெலிகளுக்கு மருந்து கொடுத்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்து, கல்லீரலை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். பாராசிட்டமால் எங்களுக்கு அன்றாடப் பொருள். கல்லீரல் நஞ்சேற்றத்தை ஆராய உலகம் முழுக்க மிக அதிகமாகப் பயன்படும் மாதிரி இதுதான்.

12.3 என்ற எண் உடற்பரப்பை வைத்துப் போட்ட கணக்கு. ஒரு புதிய மருந்தை முதன்முதலில் மனிதருக்குக் கொடுக்கும்முன், விலங்கில் தீங்கு காட்டாத அளவை எடுத்து, அதை வகுத்து, மேலும் பத்திலொரு பங்காகக் குறைத்துத் தொடங்குவதற்கான வழி அது. சுண்டெலியின் கல்லீரலைக் கெடுத்த அளவை அதே எண்ணால் வகுத்து மனிதக் கல்லீரலைக் கெடுக்கும் அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்பதற்கு, மருந்து உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பாராசிட்டமாலைக் கல்லீரல் மூன்று விதமாகக் கையாள்கிறது. முதல் வழி: குளுகுரோனிக் அமிலத்தை அதனோடு இணைப்பது. இரண்டாவது வழி: சல்பேட்டை இணைப்பது. இந்த இரண்டு இணைவுகளும் நீரில் எளிதில் கரைபவை, நஞ்சற்றவை, சிறுநீரில் போய்விடும். சாதாரண அளவில் மனிதர் சாப்பிடும் மருந்தில் பெரும்பகுதி இப்படித்தான் வெளியேறுகிறது. சிறு பங்கு மாற்றமின்றி அப்படியே சிறுநீரில் போகும்.

மூன்றாவது வழியில்தான் ஆபத்து. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்தை, சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள், குறிப்பாக 2இ1 என்பது, ஆக்சிஜனேற்றம் செய்து வேறொரு பொருளாக்குகின்றன. அதன் முழுப்பெயர் நீளம். ஆய்வகத்தில் நாப்கி என்போம். நாப்கி நிலையில்லாதது, கைக்கு எட்டிய புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை உடனே மடக்க கல்லீரலில் குளுட்டதையோன் என்ற சிறு மூலக்கூறு எப்போதும் கையிருப்பில் இருக்கும். குளுட்டதையோன் நாப்கியைக் கட்டிவிட்டால் அந்த இணைவும் பாதுகாப்பாக வெளியே போகும். கையிருப்பு தீர்ந்தால் நாப்கி செல்லின் சொந்தப் புரதங்களைப் பிடிக்கிறது.

ஆக, நீங்கள் விழுங்கிய மருந்து நேரடியாக நஞ்சில்லை. உடலே அதிலிருந்து நஞ்சைச் செய்கிறது, உடலே அதை முறிக்கவும் செய்கிறது. எது முந்துகிறது என்பதே கேள்வி.

ஜனவரி 13, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சுண்டெலியும் ஹாம்ஸ்டரும் இந்த மூன்றாவது வழியில் மருந்தை மிக அதிகமாகத் தள்ளுகின்றன. பெரிய எலி, முயல், கினிப்பன்றி ஆகியவை அப்படிச் செய்வதில்லை. பெரிய எலிக்குச் சுண்டெலியைவிடப் பல மடங்கு கொடுத்தாலும் கல்லீரல் அவ்வளவாகக் கெடாது. உருவத்தில் அண்ணன் தம்பி போலிருக்கும் இரண்டு விலங்குகளே இப்படிப் பிரிகின்றன. எடையையும் பரப்பையும் மட்டும் அறிந்த எந்த எண்ணுக்கும் இது தெரியாது.

ஜனவரி 15

பிடோக் நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: "இது விஷம் என்று தெரிந்தும் அரை நூற்றாண்டாக மறைத்து விற்கிறார்கள்."

மறைக்கவில்லை. பாராசிட்டமால் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டது. 1948-இல் பிராடியும் ஆக்சல்ராடும், அசெட்டனிலைடு என்ற பழைய காய்ச்சல் மருந்து உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அளவுக்கு மீறி உட்கொண்டவர்களின் கல்லீரல் இறந்துபோனதை 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அச்சில் வெளியிட்டார்கள். 1973-இல் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகத்தில் மிட்செல், ஜாலோ முதலியோர், அதே பிராடியும் உடனிருக்க, சுண்டெலியை வைத்துத் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதினார்கள். நான் மேலே சொன்ன கதை பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

அதில் என்னை இன்றும் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு கண்டுபிடிப்பு. கல்லீரலின் குளுட்டதையோனில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு தீரும்வரை, புரதங்களில் மருந்து ஒட்டுவது பெரிதாகத் தெரியவில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் திடீரென ஏறியது. அதாவது அளவை இரட்டித்தால் சேதமும் இரட்டிக்கும் என்ற நேர்கோடு இங்கே இல்லை. ஓர் எல்லைவரை ஏறக்குறைய ஒன்றுமில்லை, அதற்கப்பால் சரிவு. வரம்புக்குள் சாப்பிடுபவர் ஆண்டாண்டாக நன்றாக இருப்பதும், வரம்பை மீறியவர் ஓரிரு நாளில் சாய்வதும் ஒரே மருந்தின் இரு பக்கங்கள். இந்த எல்லையை யாரும் சும்மா ஊகித்துச் சொல்லவில்லை. சுண்டெலியின் கல்லீரலை அளந்து சொன்னார்கள்.

குளுட்டதையோனை உடல் மீண்டும் செய்துகொள்ள உதவும் அசிட்டைல்சிஸ்டீன், நஞ்சை முறிக்கும் மாற்று மருந்தாக வந்ததும் இந்தப் புரிதலிலிருந்துதான். 1970-களின் இறுதிக்குள் எடின்பரோவில் அதை நரம்பு வழி செலுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஜனவரி 16

வெளியேறும் வழியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி, ஆகவே கேட்காமலே எழுதுகிறேன்.

கல்லீரல் செல்லுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ரத்தப் பக்கம், மற்றது பித்தப் பக்கம். குளுகுரோனைடு இணைவைச் செய்து முடித்த செல் அதை எந்த வாசலில் அனுப்புவது என்பதைக் கடத்திப் புரதங்கள் முடிவு செய்கின்றன. சுண்டெலியில் எம்ஆர்பி3 என்ற கடத்தி ரத்தப் பக்கம் நிற்கிறது. அதன் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் குளுகுரோனைடு ரத்தத்துக்குப் போக முடியாமல் கல்லீரலிலேயே தேங்கி, பித்தத்தில் அதிகமாக இறங்குகிறது. பித்தப் பக்கம் எம்ஆர்பி2 நிற்கிறது; குளுட்டதையோன் இணைவு பெருமளவில் அதன் வழியாகத்தான் போகிறது. பிறகு அந்த இணைவு குடலிலும் சிறுநீரகத்திலும் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, முதலில் சிஸ்டீன் இணைவாகவும் அடுத்து மெர்காப்டூரிக் அமிலமாகவும் மாறி, கடைசியில் சிறுநீரில் வந்து நிற்கிறது. சிறுநீரில் இந்த இரண்டும் எவ்வளவு என்று அளந்தால், உள்ளே எவ்வளவு நாப்கி உருவாகி மடக்கப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நஞ்சை நேரில் பிடிக்க முடியாது. அது போன தடத்தைப் பிடிக்கலாம்.

குடலுக்குப் போனதெல்லாம் வெளியேறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அங்குள்ள பாக்டீரியா குளுகுரோனைடை வெட்டி, மருந்தைத் திரும்ப விடுவிக்கும். குடல் அதை உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பும். சுண்டெலியில் இன்னொரு சிக்கல் உண்டு: அது தன் கழிவைத் தானே தின்னும். அதனால்தான் வெளியேற்றத்தை அளக்கும் கூண்டின் தளம் கம்பிவலையாக இருக்கும். கழிவு விழுந்ததும் கீழே போய்விடும். சிறுநீர் தனிக் குழாயில் சேரும். ஒரு சுண்டெலி ஒரு நாளில் தருவது ஓரிரு மில்லிலிட்டர் சிறுநீர்தான். தண்ணீர்க் குப்பி சொட்டி அதில் கலந்தால் அன்றைய அளவு வீண். காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் குப்பியின் வாயைத்தான்.

இன்னொன்று: சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, பெரிய எலிக்குக் கிடையாது. பட்டினியில் பித்தப்பை நிறைந்து மஞ்சளாக மின்னும். முதன்முதலில் பார்க்கும் மாணவர்கள் அத்தனை பேரும் குனிந்து பார்ப்பார்கள்.

ஜனவரி 16, சற்றுப் பிறகு

ஈசூன் அண்ணன் எழுதியிருக்கிறார்: அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். மகிழ்ச்சி. ஆனால் அண்ணே, டெங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் கண்காணிக்க வேண்டிய காலம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஜனவரி 18

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: "என் பூனைக்கு உடம்பு சூடாக இருக்கிறது. கால் மாத்திரை கொடுக்கலாமா?"

கூடாது. கால் மாத்திரைகூடக் கூடாது. பூனையின் கல்லீரலில் குளுகுரோனிக் இணைப்பைச் செய்யும் முக்கிய நொதி ஒன்று வேலை செய்யாது. அந்த மரபணு பூனை இனத்தில் சிதைந்துபோயிருக்கிறது. முதல் வழி அடைபட்டால் மருந்து எங்கே போகும் என்று 13-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தவர்களுக்குப் புரியும். பூனைக்குக் கல்லீரலைவிட ரத்தம்தான் முதலில் கெடும். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. புதிதாக வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தயவுசெய்து விலங்கு மருத்துவரிடம் போங்கள்.

பூனை வந்ததால் பாம்பும் வரட்டும். குவாம் தீவில் வெளியிலிருந்து வந்து பெருகிய ஒரு மரப்பாம்பு, அங்கிருந்த காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. அமெரிக்க அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இறந்த சுண்டெலிக் குட்டிக்குள் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்து, காகித நாடா கட்டி, ஹெலிகாப்டரிலிருந்து மரங்களின் மேல் போட்டார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் அளவு, அந்தப் பாம்புக்கு முடிவு. சுண்டெலியும் பாராசிட்டமாலும் சேர்ந்து ஆகாயத்திலிருந்து இறங்கும் காட்சியை எங்கள் ஆய்வகத்தில் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை.

ஜனவரி 19

தோ பாயோவில் வேதியியல் படிக்கும் தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: 300 மில்லிகிராம் என்பதாவது உறுதியான எண்ணா?

உறுதியில்லை. அது ஒரு பழக்கம். பட்டினி போட்ட ஆண் சுண்டெலிக்கு வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தும்போது பொதுவாக எடுக்கும் அளவு. இரவு முழுக்க உணவு எடுத்துவிட்டால் குளுட்டதையோன் வெகுவாக இறங்கும். கல்லீரலின் கிளைக்கோஜனும் ஏறக்குறையத் தீர்ந்துவிடும், குளுகுரோனிக் இணைப்புக்கு வேண்டிய மூலப்பொருள் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு பாதுகாப்புகள் ஒரே இரவில் தளர்கின்றன. உணவு உண்ட சுண்டெலிக்கு அதே அளவைக் கொடுத்தால் சேதம் வெகுவாகக் குறையும். பெண் சுண்டெலிகள் பொதுவாக அதிகம் தாங்கும். அவற்றின் குளுட்டதையோன் விரைவாகத் திரும்பி நிரம்புகிறது. ஆண் சுண்டெலியின் சிறுநீரகத்திலும் 2இ1 நொதி அதிகம், டெஸ்டோஸ்டிரோனின் வேலை அது. ஆகவே சிறுநீரகமும் அடிபடும்.

கரைப்பானையும் கவனிக்க வேண்டும். பாராசிட்டமால் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. சிலர் சோம்பலில் டைமெத்தில் சல்பாக்சைடில் கரைப்பார்கள். அதுவோ 2இ1 நொதியையே தடுக்கும். பிறகு "எங்கள் மூலிகைச் சாறு கல்லீரலைக் காத்தது" என்று கட்டுரை வரும், காத்தது கரைப்பான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது, இறந்த விலங்குகளை நினைத்து. நாங்கள் உப்புநீரைச் சூடாக்கிக் கரைத்து, வெதுவெதுப்பு போகுமுன் செலுத்துகிறோம்.

கூண்டில் பரப்பும் மரத்தூள்கூடச் சும்மா இருக்காது. செந்நிற தேவதாரு மரத்தூளில் படுத்த சுண்டெலிகளுக்குக் கல்லீரலின் மருந்து மாற்றும் நொதிகள் உயர்கின்றன என்று 1967-இலேயே எழுதிவிட்டார்கள். படுக்கையை மாற்றினால் முடிவே மாறும் என்ற அளவுக்கு நுட்பமான உயிரின் எண்ணை, 12.3-ஆல் வகுத்து மனைவியின் மாத்திரையோடு ஒப்பிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 21

தைப்பூசம் நெருங்குவதால் வந்த கேள்வி: "விரதம் இருக்கிறேன். காவடி எடுத்து சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தபின் கால்வலிக்கு இரண்டு மாத்திரை போடலாமா? பட்டினிச் சுண்டெலியைப் பற்றி எழுதியதைப் படித்துப் பயமாக இருக்கிறது."

சுண்டெலியின் ஓர் இரவும் உங்கள் ஓர் இரவும் ஒன்றில்லை. 25 கிராம் உடம்பு. எரிதல் வேகம் அதிகம். உணவின்றி ஓர் இரவு கழிந்தால் உடல் எடையே கண்கூடாகக் குறையும். ஒரு வேளை சைவ உணவு உண்டு விரதம் இருப்பவர் அந்த நிலையில் இல்லை. ஆரோக்கியமானவர் நடை முடிந்து, தண்ணீர் குடித்து, பிரசாதம் சாப்பிட்டபின் இரண்டு மாத்திரை எடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பல நாள் சரியாகவே சாப்பிடாதவர், உடல் மெலிந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் மருந்தாளரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. அவர்களிடம் குளுட்டதையோன் குறைவாக இருக்கக்கூடும் என்ற கவலை மருத்துவர்களுக்கே உண்டு. எடை குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்கவும் செய்கிறார்கள்.

ஜனவரி 23

ஒரு வாசகி நேராகக் கேட்டார்: "இத்தனை தெரிந்தபிறகும் ஏன் இன்னும் சுண்டெலிகளைக் கொல்கிறீர்கள்?"

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

சிங்கப்பூரில் 2004-லிருந்து இதற்கு விதிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வுத் திட்டமும் நிறுவனத்தின் விலங்கு நலக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். விலங்குக்குப் பதிலாக வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைத் தணிக்க முடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். இது சட்டப் பதில்.

என் பதில் வேறு. 2இ1 மரபணு நீக்கிய சுண்டெலிகள் பாராசிட்டமாலைப் பெரிதும் தாங்கின என்று 1996-இல் வந்த முடிவு, பல ஆண்டு வாதத்தைத் தீர்த்தது. தட்டில் வளர்த்த செல்லில் அது கிடைத்திருக்காது. வளர்ப்புத் தட்டுக்கு வந்த கல்லீரல் செல்கள் அந்த நொதியை விரைவில் இழந்துவிடுகின்றன. பித்தம், குடல், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து ஆடும் சுற்று எந்தத் தட்டிலும் இல்லை. ஆனால் ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி காட்டவும், கரைப்பானைச் சரிபார்க்காமல் இன்னொரு சாற்றைச் சோதிக்கவும் ஒரு சுண்டெலியும் சாகக் கூடாது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட திட்டம் மேசைக்கு வந்தால் குழுக் கூட்டத்தில் சொல்கிறேன். சில நேரம் கேட்கிறார்கள்.

ஜனவரி 26

மதுவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஆல்கஹாலும் 2இ1 நொதிக்கு இரைதான். ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும்போது இரண்டும் போட்டியிடுவதால் நாப்கி குறையலாம். நாள்தோறும் குடிப்பவருக்கு அந்த நொதியே பெருகியிருக்கும். குடி நின்ற உடனே போட்டி விலகி, பெருகிய நொதி மட்டும் மிஞ்சும். தினமும் குடிப்பவர்கள் வழக்கமான உச்ச வரம்பைத் தமக்கானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

பிப்ரவரி 2

தோ பாயோ தம்பி மறுபடி: "சுண்டெலியில் எல்லாம் எத்தனை மணி நேரத்தில் நடக்கிறது?"

அரை மணி நேரத்துக்குள் கல்லீரலின் குளுட்டதையோன் பெரும்பாலும் காலி. ஓரிரு மணி நேரத்தில் புரதங்களில் ஒட்டும் வேலை உச்சம். மைட்டோகாண்டிரியா அடிவாங்கும், 2இ1 அதிகமுள்ள மைய நாளத்தைச் சுற்றிய செல்கள் முதலில் சாகும். கல்லீரல் செல் சிதையும்போது கசியும் ஏஎல்டி நொதி, ரத்தத்தில் சில மணி நேரம் கழித்தே ஏறத் தொடங்கி, 12 முதல் 24 மணிக்குள் உச்சம் தொடும். ஆகவே சுண்டெலிக்கு அசிட்டைல்சிஸ்டீனைச் சீக்கிரம் கொடுத்தால்தான் அதன் முழுப் பலன்.

மனிதரில் இதே வரிசை மெதுவாக நடக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் மாற்று மருந்து கிடைத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காக்கப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் வெறும் குமட்டலோ, அதுகூட இல்லாமலோ இருக்கலாம். ஏஎல்டி உச்சம் இரண்டு மூன்று நாள் தள்ளி வரும். உங்கள் வீட்டில் யாராவது தெரிந்தோ தெரியாமலோ, குழந்தை இந்த மருந்தின் இனிப்புப் பாகை எடுத்துக் குடித்தோ, வரம்பை மீறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியும்முன்பே மாற்றமும் வெளியேற்றமும் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். 995-ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போங்கள். மாத்திரை அட்டையையும் சாப்பிட்ட நேரத்தையும் கொண்டுபோங்கள். மருத்துவர்கள் ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவை அந்த நேரத்தோடு பொருத்தித்தான் முடிவெடுப்பார்கள்.